குடம் பிடித்த குற்றம்

நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்த காலத்தில் என்னிடம் கொடுப்பதற்கு ஒரே ஒரு பரிசுதான் இருந்தது. ஒழுங்காக இருந்தால் இனி என் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்பதுதான் அது. பள்ளிக்கூடத்தில் சோப்பு டப்பா கொடுப்பார்கள், சங்கங்களில் சால்வை போர்த்துவார்கள். அரசாங்கம் என்னிடம் கொடுத்து வைத்திருந்தது இவ்வளவுதான். வாங்கிக்கொண்டவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

சட்டம் எளிமையானது. முதல் தடவையாகக் குற்றம் செய்தவனைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கி, ஒருவரைப் பிணை நிற்க வைத்து, நீதிமன்றம் வெளியே விடும். அவன் மேல் கண் வைத்திருப்பது என் வேலை. நடத்தை நன்றாக இருந்தால், கெடு முடிவதற்கு முன்பே பத்திரத்தை ரத்து செய்து அவனை விட்டுவிடலாம் என்று நான் மனுப் போடலாம். நடத்தை கெட்டால் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுத்து உள்ளே தள்ளலாம். பத்திரம் எழுதிக் கொடுத்தவன் இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருப்பான்.

அறுபதுகளின் நடுவில் எனக்குச் செஞ்சியில் வேலை. கோட்டையைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ராஜகிரிமேல் ஏறிவிட்டு இறங்கி வந்து காற்று பிரமாதம் என்பார்கள். எனக்கு அந்த மலை கோர்ட் ஜன்னல் வழியாகத்தான் பழக்கம். பகல் முழுக்க வாங்கிய வெயிலைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும். அந்த விஷயத்தில் கருவூலத்தைவிட நாணயமானது.

என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவன் தொண்டூர்ப் பக்கத்துக் கிராமத்து விவசாயி. முப்பது வயது இருக்கும். ஒரே கிணற்றில் பங்கு வைத்திருந்த தன் பெரியப்பா மகனின் இடது கையை நுகத்தடியால் அடித்து ஒடித்தவன். யார் முறையில் யார் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது என்று பேச்சு முற்றிய இடத்தில் நடந்தது. இருவருக்கும் பெயர் வேண்டாம். அண்ணன், தம்பி என்றே சொல்கிறேன். ஊரிலும் அப்படித்தான் சொன்னார்கள், அடிதடிக்கு முன்பும் பின்பும்.

அண்ணனின் கையை ஊர் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. முழங்கை முழுதாக மடங்கவில்லை. தம்பிக்கு அதுதான் முதல் குற்றம் என்பதால் பத்திரத்தில் விட்டார்கள். நிபந்தனைகள் கடுமையானவை. அண்ணன் வீட்டுக்கோ தெருவுக்கோ போகக் கூடாது. அவர் முறை நாளில் கிணற்றடிக்குப் போகக் கூடாது. அவரை நெருங்கவோ, அவரிடம் பேசவோ, அவரைத் தொடவோ கூடாது. எழுதிய மாஜிஸ்திரேட்டை நான் குறை சொல்லமாட்டேன். அவர் அந்தக் கிணற்றையும் பார்த்ததில்லை, இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு கோழி கத்துகிற தூரம்தான் என்பதையும் பார்த்ததில்லை.

தம்பி அந்த நிபந்தனைகளை எப்படிக் காத்தான் என்பதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். இவன் கை நீட்ட முடியாது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் நேற்றுவரை அவனைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்களுக்கெல்லாம் துணிச்சல் வந்துவிட்டது. சந்தையில் கடலை மூட்டையோடு நின்றவனின் துண்டை ஒருத்தன் உருவித் தரையில் போட்டு, "இன்னா மாப்ள, பத்திரத்துல இதுக்கும் கையெழுத்துப் போட்டியா?" என்று கேட்டான். தம்பி குனிந்து துண்டை எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டான். அவன் கழுத்து நரம்பு புடைத்து நின்றதை நான் டீக்கடையிலிருந்து பார்த்தேன். அறிக்கையில் 'நடத்தை திருப்தி' என்று எழுதினேன். நரம்பைப் பற்றி எழுத அதில் இடமில்லை.

கெடுவில் பாதிக்கு மேல் தாண்டியதும், பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று மனுப் போட்டேன். ஒரு திங்கட்கிழமை விசாரணைக்கு வந்தது. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவனும் அவன் மனைவியும் என் அறை வாசலில் நின்றார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் பேசுவதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"போவக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க ஐயா. நான் சொன்னா இந்த ஆளுக்குக் காதுல ஏற மாட்டேங்குது."

"எங்கே போகக் கூடாது?"

"பெரிம்மா பூட்ச்சி ஐயா," என்றான் அவன். "விடிகாலைல."

செத்தது அண்ணனின் தாயார். அந்த அம்மாளை எனக்கு நினைவிருந்தது. வழக்கு நடந்த நாளில் கோர்ட் வாசலில் நின்று, ஒடித்த கை அழுகிப் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றியவள். டவாலி வந்து சத்தம் போட்டும் அடங்கவில்லை.

"சேதி வந்ததா?" என்றேன்.

"வந்துச்சி. அவங்க வூட்லர்ந்தே ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். அதான் ஐயா ரோசனையா இருக்குது."

படித்தவர்களுக்கு இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. சேதி சொல்லி அனுப்புவார்கள், அவ்வளவுதான். சேதி வந்த பிறகும் போகாத பங்காளி, பங்காளியே இல்லை என்று ஆகிவிடும். அதன் பிறகு அவன் வீட்டில் பிணம் விழுந்தால் தூக்க ஆள் வராது. சிறைக்குப் போனவன் திரும்பி வரலாம். இப்படி அறுந்து போனவன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"சேதி சொன்னாங்களாம், சேதி!" என்றாள் அவள். "சொல்லிட்டு அங்க ஏட்டையாவ உக்கார வச்சிருந்தா இன்னா பண்ணுவ? நாளைக்குக் கோர்ட்டு. இவ்ளோ நாளா பல்லக் கடிச்சினு இருந்தது எல்லாம் இன்னிக்கி ஒரு நாள்ல சுடுகாட்டுக்குப் போயிடும். அந்தக் கெழவி உயிரோட இருந்து திட்னது பத்தாதுன்னு செத்தும் உன்ன ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குது."

"வாய மூடு. செத்தவங்கள..."

"நான் மூடறேன். புள்ளைங்களுக்கு எவன் சோறு போடுவான், அதச் சொல்லு, மூடறேன்."

அவள் சொன்னது நியாயம். அந்தச் சேதி சமாதானமா, பொறியா என்று அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியாது. ஒருவேளை அனுப்பியவருக்கே தெரிந்திருக்காது.

அவன் என்னிடம் அனுமதி கேட்டான். அனுமதி கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. நிபந்தனையை மாற்றுவது நீதிமன்றத்தின் வேலை. அதற்கு மனுப் போட வேண்டும், பிணை நின்றவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். அன்று ஞாயிறு. மாஜிஸ்திரேட் கடலூருக்குப் போயிருந்தார். சட்டத்துக்கு அவசரம் கிடையாது. வைகாசி வெயிலில் கிடத்தியிருக்கும் உடலுக்கு உண்டு.

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். நடைமுறை தெரிந்தவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எது கூடாது என்று எழுதியிருக்கிறதோ அதைத் தவிர மற்ற இடமெல்லாம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"கேள்," என்றேன். "வீட்டுக்குப் போகாதே. தெருவுக்குள் கால் வைக்காதே. தார்ச்சாலை திரும்புகிற இடத்தில் நில். சாலை பொதுவானது. பாடை வரும்போது எல்லாருக்கும் பின்னால், கடைசி ஆளாக நட. ஏரிக்கரைச் சுடுகாடு புறம்போக்கு, அங்கே போகக் கூடாது என்று எந்த உத்தரவிலும் இல்லை. தள்ளி நின்று பார். அவரை நெருங்காதே, பேசாதே, தொடாதே. முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. நானும் வருகிறேன்."

"நீங்களா?"

"உன்னை எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பார்வையிட எனக்கு அதிகாரம் உண்டு. சுடுகாடு நீங்கலாக என்று விதியில் இல்லை."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. அந்த எடத்துல இந்த ஆளு நீங்க போட்ட கோட்டத் தாண்டாம நிப்பாரா, அதான் எனக்குப் பயம்," என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

பிற்பகலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அவன் சாலைத் திருப்பத்தில், புளியமரத்து நிழலில், புதுக் கோடித் துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தான். தெருவுக்குள்ளிருந்து பறைச் சத்தம் வந்தது. பாடை தெருமுனையைத் தாண்டியபோது முன்னால் கொள்ளிச் சட்டியோடு வந்த அண்ணன் இவனைப் பார்த்தார். முகம் மாறவில்லை. தூக்கி வந்தவர்கள் ஒரு கணம் தயங்கினார்கள். யாரோ, "நட, நட," என்றார்கள். இவன் கோடித் துணியை வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசியில் சேர்ந்துகொண்டான். நான் அவனுக்குப் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அரசாங்க ஊழியத்தில் இப்படி ஓர் ஊர்வலத்தில் நடப்பேன் என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் பனைமரத்தடியில் ஏட்டு நின்றிருந்தார். அவள் சொன்னது பலித்துவிட்டது.

"வாங்க சார்," என்றார். "பந்தோபஸ்து. பங்காளித் தகராறு பாருங்க." தம்பியைப் பார்த்துத் தலையை அசைத்தார். "நாளைக்கி அவனுக்கு விடுதலையாமே?"

"மனுப் போட்டிருக்கிறேன்."

"கைய ஒடிச்சவன் அப்புறம் ஒடிக்காம இருந்தா அதுக்கு ஒரு பரிசு. நான் சர்வீஸ்ல சேந்த நாள்லர்ந்து ஒருத்தன் மேலயும் கை வச்சதில்ல. எனக்கு ஒரு ரிவார்டு கெடையாது."

அவர் கை வைத்ததில்லை என்பதற்கு ஸ்டேஷனில் சாட்சி கிடைப்பது கஷ்டம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது கெடக்கட்டும் சார். கோணக் கையோட நிக்கிறானே அவன், அவனுக்கு உங்க டிபார்ட்மெண்டு இன்னா குடுத்துச்சி?"

இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்று, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், புகை வருகிறது," என்று மட்டும் சொன்னேன்.

வாய்க்கரிசி போட்டார்கள். தம்பி போகவில்லை. தூரத்தில் நின்று கையைக் கூப்பிக்கொண்டான். நான் சொன்னபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. பிறகு குடம் வந்தது.

கொள்ளி வைக்கிற மகன், தண்ணீர் நிறைந்த மண்குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு சிதையை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். வலது கையில் கொள்ளிக்கட்டையை முதுகுக்குப் பின்னால் பிடித்திருப்பான். ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் வருகிறவர் கத்தியால் குடத்தில் ஒரு பொத்தல் போடுவார். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்புறமாக விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைப்பான். நடுவில் பேசக் கூடாது. நடுவில் குடம் விழவும் கூடாது. விழுந்தால் அந்த வம்சத்துக்கே ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. வலது தோளுக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை. குடத்தைப் பிடிக்க ஒரே கைதான் உண்டு, இடது கை.

அண்ணன் குடத்தை ஏற்றிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்துக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பேச்சு நின்றுவிட்டது. முழுதாக மடங்காத கையை மேலே தூக்கி, விரல் நுனியால் குடத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நடந்தார் அவர். முதல் சுற்று எப்படியோ முடிந்தது. பொத்தல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சித் தோளெல்லாம் வழிந்தது. ஈரத் தோளில் குடம் வழுக்கத் தொடங்கியது.

கூட்டத்தில் ஆண்களுக்குக் குறைவில்லை. ஆனால் நின்றவர்கள் மாமன் மச்சான் முறைக்காரர்கள். குடத்துக்குக் கை கொடுக்கப் பங்காளிக்குத்தான் உரிமை. அந்த வம்சத்தில் மிச்சமிருந்த வளர்ந்த ஆண்கள் இரண்டே பேர். ஒருவர் குடத்தைச் சுமந்துகொண்டிருந்தார். இன்னொருவன் என் பக்கத்தில் நின்றிருந்தான்.

நான் அவன் துண்டைப் பிடித்துக்கொண்டேன். "நில்," என்றேன். பனைமரத்தடியில் ஏட்டு நிமிர்ந்து நின்றார்.

இரண்டாவது சுற்றின் பாதியில் குடம் சாய்ந்தது. அண்ணனின் விரல்கள் விளிம்பிலிருந்து நழுவின. கூட்டத்திலிருந்து, "ஐயோ," என்று ஒரு குரல். என் கையில் துண்டு மட்டும் இருந்தது.

அவன் ஓடியது எனக்கு நினைவில்லை. அண்ணனின் முழங்கைக்குக் கீழே, கோணலாகக் கூடிய அதே இடத்தில், தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றதுதான் நினைவிருக்கிறது. அண்ணன் கழுத்து விறைத்தது. அவர் பேசக் கூடாது, திரும்பக் கூடாது. உதறினால் குடம் விழும். ஒரு மூச்சு நேரம் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தார். தம்பியும் எடுத்து வைத்தான். மிச்ச ஒன்றரைச் சுற்றையும் அப்படியே நடந்தார்கள். கடைசியில் குடம் பின்னால் விழுந்து உடைந்தது. விழ வேண்டிய நேரத்தில்தான் விழுந்தது.

ஏட்டு என் பக்கம் வந்தார். "நெருங்கினான். தொட்டான்," என்றார், குற்றப்பத்திரிகை வாசிப்பது போல. "நீங்களும் பாத்தீங்க சார், நானும் பாத்தேன். நாளைக்கிக் கோர்ட்ல பேசிக்கலாம்." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் திரும்பியபோது தம்பி ஏரித் தண்ணீரோரம் உட்கார்ந்திருந்தான். நாவிதர் அவன் தலையில் கத்தி வைத்துப் பாதி மழித்திருந்தார். மீசை ஏற்கெனவே போய்விட்டது.

"என்னய்யா செய்கிறாய்?"

"மூத்தவங்க செத்தா எளைய பங்காளி மொட்ட போடணும் ஐயா. எங்க வழக்கம்."

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வரப் போகிறாய். இதைப் பார்த்தால் மாஜிஸ்திரேட் என்ன கேட்பார் என்று தெரியுமா?"

"தெரியும் ஐயா. அதுக்குன்னு பாதி மண்டையோட வர முடியாதே."

நாவிதர் சிரித்துவிட்டார். சுடுகாட்டில் சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டு, மறுபடி மழிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை கோர்ட் திறந்ததும் நான் துணை அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தேன். நேற்று நிபந்தனை மீறப்பட்டது, என் கண் முன்னால் மீறப்பட்டது, இன்ன விதமாக மீறப்பட்டது என்று அதில் இருந்தது. கீழே, பத்திரத்தை ரத்து செய்யும் சிபாரிசில் மாற்றமில்லை என்றும் எழுதினேன். அவன் மனைவிக்கு இதை யாரோ சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டாள்.

"நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்களே ஐயா! ஏட்டையா சொன்னா அவரு போலீசு, சொல்லுவாரு. நீங்க எங்க ஆளுன்னு இல்ல நெனச்சினு இருந்தோம்?"

"நான் கோர்ட்டின் ஆள் அம்மா. மறைத்து வைத்த மீறலை ஏட்டு சொன்னால் இவன் நேராக ஜெயில். நாமே சொன்ன முதல் மீறலுக்கு அபராதத்தோடு விட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு."

"அதிகாரம் உண்டா, விடுவாரா?"

"உண்டு என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். வராந்தாவின் ஒரு முனையில் ஒரு மொட்டைத் தலை, மறு முனையில் இன்னொரு மொட்டைத் தலை. அண்ணனை ஏட்டு அழைத்து வந்திருந்தார். தீட்டு வீட்டுக்காரரைக் கருமாதிக்கு முன் கோர்ட்டுக்கு இழுக்கலாமா என்று டவாலி முணுமுணுத்தான்.

மாஜிஸ்திரேட் தென் மாவட்டத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம். உருக்கமான பேச்சு என்றால் அவருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். என் அறிக்கையைப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக மொட்டைத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நெருங்கினாயா?"

"நெருங்கினேன் எசமான்," என்றான் தம்பி.

"தொட்டாயா?"

"தொட்டேன்."

"கூடாது என்று தெரியுமா?"

"தெரியும் எசமான்."

இதற்கு மேல் வழக்கறிஞர் வைத்துக்கூட ஒன்றும் செய்திருக்க முடியாது. ஏட்டு எழுந்து, பத்திரத்தை முறித்துப் பழைய குற்றத்துக்குத் தண்டனை தர வேண்டும் என்றார். மாஜிஸ்திரேட் அண்ணனைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். கோணல் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அவர் ஏறினார்.

"இவன் உங்கள் கிட்டே வந்தானா?"

"வந்தான் எசமான்."

"நீங்கள் கூப்பிட்டீர்களா?"

"இல்ல."

தம்பியின் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாவுக்கு யாரு எசமான் கூப்புடுவாங்க?" என்றார் அண்ணன். "சேதி சொல்லி அனுப்ச்சேன்."

"ஏன் அனுப்பினீர்கள்?"

"அனுப்பணும். அது மொற. வருவான்னு நெனைக்கல."

"உங்களைத் தொட்டானா?"

"தொட்டான். ஒடிஞ்ச எடத்துலயே புடிச்சான்." கோணல் கையைத் தூக்கிக் காட்டினார். "இத்த ஒடிச்சதும் அவன்தான். அத நான் மறக்கல எசமான், மறக்கவும் மாட்டேன். மழ வந்தா இன்னும் குடையுது. ஆனா நேத்து அவன் புடிக்கலன்னா குடம் வுழுந்திருக்கும். எங்கம்மா பாதி வழில நின்னிருக்கும்."

"தொட நீங்கள் அனுமதித்தீர்களா, இல்லையா?"

"தோள்ல குடத்த வச்சினு எப்படி எசமான் அனுமதி குடுக்கறது? அப்ப பேசவே கூடாது."

மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். உத்தரவு மதியத்துக்கு மேல் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்து போனார். அவர் சாப்பிட்டார். வெளியில் இருந்த நாங்கள் யாரும் சாப்பிடவில்லை, ஏட்டு உட்பட. வேப்பமரத்தடியில் அவர் என் பக்கத்தில் வந்து நின்று பீடி பற்றவைத்தார். "நான் என் கடமையச் சொன்னேன் சார்," என்றார். "நானும்தான்," என்றேன்.

உத்தரவு இரண்டு பகுதியாக இருந்தது. முதல் பகுதி: நிபந்தனை மீறப்பட்டது நிரூபணமாகிறது, முதல் மீறல் என்பதால் அபராதம், கட்டத் தவறினால் சிறை. அந்தக் கடைசி வார்த்தையில் தம்பியின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாஜிஸ்திரேட் தாளைத் திருப்பினார். இரண்டாம் பகுதி: எதிரியின், அதாவது தம்பியின், நடத்தை மேற்பார்வை இனித் தேவையில்லை என்று காட்டுவதால், அலுவலரின் மனு ஏற்கப்பட்டு, பத்திரம் ரத்து செய்யப்படுகிறது. நடத்தைக்கு ஆதாரமாக அவர் காட்டியது குடத்தைப் பிடித்ததைத்தான். முதல் பகுதியில் குற்றமும் அதுதான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இரண்டையும் வாசித்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

சில மாதம் கழித்து மேலலுவலகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு வந்தது. ஒருவர் நிபந்தனையை மீறியதும் அவர் நடத்தை திருப்தியாக இருந்ததும் ஒரே தேதியில் எப்படிச் சாத்தியம்? நான் நடந்ததை எழுதி, இணைப்போடு அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் அபராதத்தைக் கட்டி ரசீது வாங்கிக் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தம்வரை அவர்களோடு போனேன். பரிசைக் கையில் கொடுத்து அனுப்புவதுதானே மரியாதை. தம்பி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே வந்தான்.

"இனிமே அவுரு மொற அன்னிக்குக் கெணத்தாண்ட போலாமா ஐயா?"

"போகலாம். கோர்ட் தடுக்காது."

"கோர்ட்டு தடுக்காது," என்றாள் அவள். "நுகத்தடிய மட்டும் வூட்லயே வச்சிட்டுப் போ."

நிறுத்தத்தில் அண்ணன் ஏற்கெனவே நின்றிருந்தார். அவர் பூவரச மரத்தடியில், இவர்கள் சோடாக் கடை ஓரத்தில். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தொண்டூர் பஸ் வந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறினார்கள். கூட்டத்தில் நெருக்கி நெருக்கி இருவரும் ஒரே இருக்கைக் கம்பியைப் பிடிக்கும்படி ஆகிவிட்டது. அண்ணன் வலது கையால், தம்பி இடது கையால். நான் ஜன்னலோரம் கீழே நின்றிருந்தேன்.

கண்டக்டர் பளபளத்த இரண்டு தலைகளையும் பார்த்தார். "இன்னாபா, ஒரே வூட்டு ஆளுங்களா?"

தம்பி வாயைத் திறக்கவில்லை. பழக்கம். பேசக் கூடாது என்ற நிபந்தனை போய்விட்டது என்பது இன்னும் நாக்குக்குத் தெரியவில்லை.

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே ராஜகிரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆமா. ஒரே வூடுதான். டிக்கெட்டு தனித்தனியாக் குடு."